எலியட்ஸ் கடற்கரையில் நாயோடு ஒரு நடை

சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை விடியற்காலையில் பார்க்க வேண்டும். 1930-ல் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் மூழ்கிய டேனிஷ் மாலுமி ஷ்மிட்டின் நினைவு மண்டபம். அதைச் சுற்றி நடப்பவர்கள். மணலில் சுருண்டு கிடக்கும் தெரு நாய்கள். எங்கள் மணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நானும் அங்கேதான் நடக்கிறேன்.

கட்டில்லாத நாய் எதிரே வந்தால் ஓடுவதில்லை, மணியைத் தூக்குவதுமில்லை. தூக்கினால் அது நம் மேலேயே தாவும். முறைத்துப் பார்க்காமல், மணியை என் மறுபக்கம் விட்டுக்கொண்டு, மெல்ல வளைந்து விலகுவேன். சண்டை மூண்டால் நடுவே கையை விடக் கூடாது. தண்ணீரை வீசி ஊற்றலாம்.

"எங்க நாய் ஒண்ணும் பண்ணாதும்மா" என்பார் சங்கிலி போடாமல் வருகிறவர். "எங்களுது பயப்படும் சார், கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்பேன். மனஸ்தாபமில்லாமல் காரியம் முடிந்துவிடும்.

பல் பட்டால், சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அடி விழுமோ என்று குழந்தைகள் கடியை மறைப்பதுண்டு. "திட்ட மாட்டேன், உடனே சொல்லு" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது.