பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து

தம்பி, வி.ஏ.ஓ. வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது என்றாய். சந்தோஷம். பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். தலையாரியே பாதி சொல்லிக் கொடுத்துவிடுவார். பயிற்சியில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தாண்டிப் போகிற வேலை ஒன்று உண்டு. உன் எல்லைக்குள் ஒரு கொலை விழுந்தால் போலீஸ் முதலில் தேடுகிற ஆட்களில் நீயும் ஒருவன். மகஜரில் சாட்சிக் கையெழுத்து போட அரசாங்க ஆள் வேண்டும். அதற்குக் கூப்பிடுவார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம் திருமுக்கூடல் சின்ன ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதைத் தவிர வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. ஆனாலும் வரப்புச் சண்டை, பங்காளிச் சண்டை, குடிச்சண்டை எல்லா ஊரையும் போல இங்கேயும் உண்டு. விடியற்காலையில் கதவைத் தட்டுவார்கள். நீ போய்ச் சேரும்போது இன்ஸ்பெக்டர் வந்திருப்பார். ரைட்டர் மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருப்பார். நூறு பேர் சுற்றி நிற்பார்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

அந்த நூறு பேர் சொல்வது எதுவும் உன் வேலை இல்லை. உன் கண்ணுக்கு முன் இருப்பது மட்டும்தான் உன் வேலை.

முதலில் எழுதுவது பார்வை மகஜர். சம்பவ இடம் எங்கே, கிழக்கே என்ன, மேற்கே என்ன, ரோட்டிலிருந்து எத்தனை அடி, பம்ப்செட் கொட்டகை எந்தப் பக்கம், உடல் எந்தத் திசையில் தலை வைத்துக் கிடக்கிறது என்று எழுதி, கூடவே ஒரு மாதிரி வரைபடமும் போடுவார்கள். இதில் ஒன்றைச் சொல்லித் தருகிறேன், மறக்காதே: சம்பவம் ராத்திரி என்றால் விளக்கு எங்கே என்று பார். தெருவிளக்கு இருக்கிறதா, எரிகிறதா, உடல் கிடந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார். ‘இன்னார் வெட்டினதை என் கண்ணால் பார்த்தேன்’ என்று ஒருவர் சாட்சி சொல்வார். இரண்டு மூன்று வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ‘மகஜரில் விளக்கே இல்லையே, இருட்டில் எப்படிப் பார்த்தீர்?’ என்று கேட்பார். விளக்குக் கம்பம் அங்கே இருந்தும் மகஜரில் எழுதாமல் விட்டிருந்தால், உண்மையைச் சொன்னவர் அன்றைக்குப் பொய்யர் ஆகிவிடுவார். கம்பம் இல்லாத இடத்தில் இருப்பதாக எழுதியிருந்தால் அது அதைவிட மோசம்.

அடுத்தது மண். இரத்தம் படிந்த மண்ணைக் கொஞ்சம் எடுப்பார்கள். பக்கத்திலேயே கறை இல்லாத மண்ணையும் எடுப்பார்கள். இதற்கு மாதிரி மண் என்று பெயர். நல்ல மண் எதற்கு என்று முதல் தடவை எல்லோருக்கும் தோன்றும். இரண்டும் தனித்தனிப் பொட்டலமாகச் சீல் வைக்கப்பட்டு, கோர்ட் வழியாகத் தடயவியல் கூடத்துக்குப் போகும். கறை இரத்தம்தானா, மனித இரத்தமா, எந்த வகை என்று அங்கே சோதிப்பார்கள். கறையில் தெரிவது மண்ணின் குணம் இல்லை, இரத்தத்தின் குணம்தான் என்று சொல்ல அந்த நல்ல மண் வேண்டும். நம் ஆற்று மணல் இரத்தத்தைச் சீக்கிரம் உள்ளே இழுத்துவிடும். அதனால் மேலாகச் சுரண்டினால் போதாது, கொஞ்சம் ஆழமாக எடுக்க வேண்டும். ஈரத் துணியை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் புழுங்கிக் கெட்டுவிடும். இதெல்லாம் போலீஸின் வேலைதான். ஆனால் சீல் வைக்கும்போது நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். லேபிளில் உன் கையெழுத்து இருக்கிறது.

இனி கடினமான பாகம். சில நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வரும். ‘அக்யூஸ்ட் பிடிபட்டான், கத்தி எடுக்கப் போறோம், வாங்க.’ அவன் பேசப் பேச ரைட்டர் எழுதுவார். இங்கே சட்டம் விநோதமாக இருக்கும். போலீஸிடம் ஒருவன் ‘நான்தான் கொன்றேன்’ என்று சொன்னால் அந்தப் பேச்சு கோர்ட்டில் செல்லாது. ஆனால் அவன் சொல்லி, அதனால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டித் தந்த வார்த்தைகள் மட்டும் செல்லும். ‘கத்தியைக் கிணற்று மேட்டு வேலி ஓரம் ஒளித்து வைத்திருக்கிறேன்’ என்பது செல்லும். ‘அந்தக் கத்தியால்தான் குத்தினேன்’ என்பது செல்லாது. குண்டூர்ப் பக்கத்துப் புலுக்குரி கோட்டையா வழக்கு சுதந்திரத்துக்குச் சற்று முன் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக் கொடுத்தது. அன்றைக்கு இது சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-வது பிரிவுக்குள் போய்விட்டது. எண் மாறினதே தவிர விஷயம் அதேதான்.

இந்தப் பிரிவு தமிழ்நாட்டில் உயிரோடு இருப்பதே நம் மாதிரி ஆட்கள் கையெழுத்தில்தான். அதனால்தான் கோர்ட்டும் நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. போலீஸிடம் சொன்னது செல்லாதே, அதனால் கொலை செய்தவன் முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.வைத் தேடி வந்து ‘ஐயா, நான் இப்படிச் செய்துவிட்டேன்’ என்று அழுததாக எத்தனை குற்றப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ‘உன்னிடம் ஏன் வந்தான்? நீ அவனுக்கு யார்?’ என்று நீதிபதிகள் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டார்கள். என் சர்வீஸ் முழுக்க அப்படித் தானாக வந்து அழுத ஆள் ஒருவனும் இல்லை. முன்பே எழுதிக் கொண்டுவந்து நீட்டின போலீஸ்காரர்கள் உண்டு. ஊரும் பெயரும் வேண்டாம். ஒருவர் அப்படி நீட்டியபோது நான் சொன்னது இதுதான்: ‘சார், இடத்துக்குப் போகலாம், எடுக்கட்டும், பார்க்கிறேன், அப்புறம் போடுகிறேன்.’ அவர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும். கூண்டில் ஏறப்போவது அவர் இல்லை, நான்.

இப்போது இதிலெல்லாம் ஒரு நல்லது நடந்திருக்கிறது. புதுச் சட்டப்படி சோதனை, பறிமுதல், சாட்சிகள் கையெழுத்து போடுவது எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனிலேயே எடுக்கலாம். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் ஸ்பாட்டுக்கு வர வேண்டும் என்றும் இருக்கிறது. அதைப் படிப்படியாக அமலாக்க மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நீ அந்த வீடியோவில் நிற்கப் போகிறாய். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது இனி இன்னும் கஷ்டம்.

பெரிய வழக்குகளிலும் இதேதான். மாட்டுப் பொங்கல் அன்று பாரிவேட்டைக்குப் பழைய சீவரம் வந்து, ஆற்றைக் கடந்து நம் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு எழுந்தருள்கிறாரே காஞ்சி வரதர், அவர் கோயிலின் மேலாளர் சங்கரராமன். 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். காஞ்சி மடத்தின் ஜெயேந்திரர், விஜயேந்திரர் உட்படப் பலர் மேல் வழக்கு வந்தது. ஜெயேந்திரருக்கு 2005 ஜனவரியில் ஜாமீன் கொடுத்தபோதே, வாக்குமூலங்களைத் தவிர சதிக்குச் சொல்லும்படியான ஆதாரம் எதுவும் எங்கள் பார்வைக்கு வரவில்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் எழுதியது. அந்த வருஷமே விசாரணையைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகள் ஏறினார்கள். அதில் 83 பேர் பிறழ் சாட்சிகள் ஆனார்கள். அப்ரூவராக மாறியவரே கோர்ட்டில் மாற்றிச் சொன்னார். 2013 நவம்பர் 27 அன்று 23 பேரும் விடுதலை.

அந்த ஒன்பது வருஷமும் நம்மூர் டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னார்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று. போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொள்கிறார்களே, அதில் கையெழுத்தே வாங்கக் கூடாது. அது சாட்சியமும் இல்லை. அவர் கோர்ட்டில் ஏறி, சத்தியம் செய்து, அதையே சொன்னால்தான் சாட்சியம். முன்பு சொன்னதை வைத்து அவரை மடக்கிக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே 83 பேர் வாய் மாறினால் 83 தாள்கள் வெறும் தாள்கள். அந்த இடத்தில் வழக்கைத் தாங்க வேண்டியது பொருளும் அது எடுக்கப்பட்ட விதமும்.

பொருள் எப்படித் தாங்கும் என்பதற்கு என் அப்பா காலத்து ஆளவந்தார் வழக்கைப் பார். 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போன போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். செத்தது யார் என்பதே முதல் கேள்வி. தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. மருத்துவக் கல்லூரி டாக்டர் கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் சேர்த்துப் பார்த்தார். காதில் இருந்த துளைகளையும் பல்வரிசையையும் குறித்தார். ஆளவந்தார் பட்டாளத்தில் இருந்தவர், அங்கே பதிவான கைரேகையோடு பிணத்தின் ரேகை பொருந்தியது. குற்றவாளிகளான பிரபாகர மேனனுக்கு ஏழு வருஷம், அவர் மனைவி தேவகிக்கு மூன்று வருஷம். பத்திரிகைகள் அப்போது எழுதித் தள்ளின. ஆனால் பெட்டியும் பல்லும் ரேகையும் பத்திரிகை படிப்பதில்லை, படித்து மனம் மாறுவதும் இல்லை.

இன்னொன்று, நேரம். எஃப்.ஐ.ஆர். போட்ட உடனே ஒரு போலீஸ்காரர் அதை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும், நடு ராத்திரியானால் வீட்டுக்கே. எத்தனை மணிக்கு வந்தது என்று அவர் அதில் குறித்துக் கையெழுத்து போடுவார். மூன்று மணி நேரத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால், ‘அதற்குள் உட்கார்ந்து கதை கட்டினார்கள்’ என்பதுதான் வக்கீலின் முதல் கேள்வி. உன் மகஜரிலும் நேரம் உண்டு. காலை ஏழு மணி என்று அதில் இருக்க, ஏழு மணிக்கு நீ உத்திரமேரூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாய் என்று வெளியே வந்தால் மொத்தமும் சரியும். கொலை வழக்கில் 90 நாளைக்குள் குற்றப் பத்திரிகை போடாவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு ஜாமீன் உரிமையாகக் கிடைத்துவிடும். அந்த அவசரத்தில் உன்னிடம் ‘பழைய தேதி போட்டுக்கங்க’ என்பார்கள். போடாதே.

எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் தாலுகா ஆபீஸுக்கு ஓடாதே. நம் கோயில் சுவருக்குப் போ. வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் இங்கிருந்த ஆதுலர் சாலையைப் பற்றி இருக்கிறது. நோயாளிகளுக்குப் பதினைந்து கிடக்கை, வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், பெண் பணியாளர்கள், யாருக்கு எவ்வளவு நெல், என்ன மருந்து எவ்வளவு, ராத்திரி விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்று அளந்து அளந்து வெட்டியிருக்கிறார்கள். ‘போதுமான’ என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தால் கல்லில் வெட்டினவனுக்கும் வேலை சுலபமாகத்தான் இருந்திருக்கும். சுமார் 950 வருஷம் கழித்தும் நாம் எண்ணிப் பார்க்க முடிகிறதே!

சம்மன் வரும்போது நீ வேறு பிர்க்காவிலோ வேறு தாலுகாவிலோ இருப்பாய். முகங்கள் மறந்திருக்கும். அதனால் அன்றன்றைக்குச் சொந்த டைரியில் நாலு வரி எழுதி வை: யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணி, கூட யார் இருந்தார்கள், எதை எங்கிருந்து எடுத்தார்கள். அதைக் கூண்டுக்குள் எடுத்துப் போகாதே, முந்தின நாள் ராத்திரி படித்துவிட்டுப் போ. ஞாபகம் இல்லாததற்கு ‘ஞாபகம் இல்லை’ என்று சொல். நீதிபதிகளுக்கு அந்த பதில் பழக்கம்தான், கோபப்பட மாட்டார்கள். செங்கல்பட்டில் செஷன்ஸ் நடந்தபோது காலை பத்தரைக்குப் போய் உட்கார்ந்தால் சில நாள் சாயங்காலம்தான் கூப்பிடுவார்கள், சில நாள் வாய்தா போட்டு அனுப்பிவிடுவார்கள். எதுவானாலும் ஆஜரானதற்குச் சான்று வாங்காமல் படி இறங்காதே. இல்லாவிட்டால் அந்த நாளுக்கு உன் சொந்த லீவுதான் போகும்.