பெருநாள் அட்டையும் ஒரு பெட்டி வண்ணமும்



மாலை நேர மக்தபில் சிறுமியருக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் பணியில் 17 ஆண்டுகளாக இருந்து வருகிறேன். என் மேசையின்மீது வருகைப் பதிவேட்டின் அருகில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதனுள் பென்சில்கள், நாணல் எழுதுகோல்கள், மைக்கூடு, தூரிகைகள், ஒரு பெட்டி நீர்வண்ணம் ஆகியவை உள்ளன. "மதரஸாவில் இவையெல்லாம் எதற்கு, உஸ்தாபி?" என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. அதற்கு விடை கூற வேண்டுமானால், நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ரமலானின் இறுதிப் பத்தில், பிள்ளைகள் பெருநாள் வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சவூதியில் பணிபுரியும் தன் வாப்பாவுக்காக அட்டை செய்தாள். அதில் அவருடைய முகத்தை வரைந்திருந்தாள். வெள்ளைத் தொப்பி, தாடி, பெரிய புன்னகை. நான் எல்லோர் முன்னிலையிலும் அதை வாங்கி, "உருவம் வரையக் கூடாது என்று தெரியாதா?" என்று கடிந்து, இரண்டாக மடித்து மேசை அறையில் போட்டுவிட்டேன். அவள் அழவில்லை. மறுநாளும் வந்தாள், பாடம் ஒப்பித்தாள். மற்றவர்கள் அட்டை செய்தபோது கைகட்டி அமர்ந்திருந்தாள்.

பெருநாள் கழித்து அவளுடைய உம்மா என்னிடம் சொன்னார்: "வண்ணப் பென்சிலையெல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள், உஸ்தாபி. வரைந்தால் அல்லாஹ் கோபிப்பானாம்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. உருவப்படம் பற்றிய எச்சரிக்கைகள் நபிமொழிகளில் இருப்பதை நான் பட்டயப் படிப்பிலேயே பயின்றவள். அவற்றை மறுப்பது என் நோக்கமன்று. உயிருள்ளவற்றை வரைவது பற்றியும், சிறுவர் விளையாட்டுப் பொருள்களுக்கு அறிஞர் பலர் அளித்த சலுகை பற்றியும் ஆலிம் பெருமக்கள் விளக்கியிருக்கிறார்கள். அதை அவர்களிடமே விடுகிறேன். என் மனத்தை உறுத்தியது வேறொன்று. புகாரியில் ஒரு செய்தி வருகிறது. படம் வரைந்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். அவர்கள் எச்சரிக்கையை எடுத்துரைத்ததும் வந்தவரின் முகம் வெளிறிப் போயிற்று. அப்போது அவர்கள், வரைந்தே ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவருக்கு வழிகாட்டினார்கள். அச்செய்தியின் முதற் பாதியை மட்டும் ஒரு குழந்தையிடம் கூறிவிட்டு, பிற்பாதியைக் கூறாமல் விட்டிருந்தேன்.

அந்த வாரமே கடைக்குச் சென்று, பிள்ளைகளுக்கு வேண்டிய பொருள்களை 500 ரூபாய்க்குள் வாங்கினேன். வீட்டில் இவ்வாறு செய்ய விரும்புவோருக்காக, எனக்குப் பிடித்தமானவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது பென்சில். கோடிடுவதற்கு ஹெச்.பி. போதும், அழித்தாலும் தடம் தெரியாதபடி மெல்ல இட வேண்டும். நிழலிட 2பி மென்மையானது. வாழ்த்து அட்டைக்குச் சாதாரண ஓவியத்தாள் நீரில் சுருண்டுவிடும், 300 ஜி.எஸ்.எம். தடிமனுள்ள தாள் நீர்வண்ணத்தைத் தாங்கும். அதை அப்படியே மடித்தால் விளிம்பு வெடிக்கும். மடிக்குமிடத்தில் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கோடிட்டபின் மடித்தால் நேர்த்தியாக இருக்கும். ஒட்டுவதற்கு நீர்த்த பசையைவிடக் குச்சிப் பசை நல்லது, தாள் நெளியாது.

நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே வெள்ளை நிறம். ஆகவே பிறை வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுச் சுற்றிலும் நீலம் பூச வேண்டும். வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னர். போஸ்டர் வண்ணமோ ஒளி ஊடுருவாதது. காய்ந்த கருநீலத்தின்மேல் வெள்ளைப் பிறையையே வைத்துவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு இதுவே எளிது.

எல்லாவற்றிலும் எனக்கு மிக விருப்பமானது நாணல் எழுதுகோல். காய்ந்த நாணலின் முனையைக் கூரிய கத்தியால் சாய்வாகச் சீவி, நுனியைத் தட்டையாக வெட்டி, மை இறங்க நடுவில் ஒரு கீறல் இட வேண்டும். கத்தி பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். அந்த நுனியை ஒருமுறை தாளில் வைத்து இழுத்தால் சாய்சதுரப் புள்ளி ஒன்று விழும். அலிஃப் எத்தனை உயரம், பே எத்தனை அகலம் என்பதை அப்புள்ளியாலேயே அளப்பார்கள். கி.பி. 940இல் மறைந்த பக்தாத் அமைச்சர் இப்னு முக்லாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அளவுமுறை இது. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால், புள்ளிகளை எண்ணிக்கொண்டே அமைதியாக அமர்ந்துவிடுகிறார்கள்.

விளக்குக் கரியில் வேலம்பிசின் கலந்து மை செய்தது முன்னோர் வழக்கம். நான் கடையில் விற்கும் கறுப்பு மையையே வாங்குகிறேன். மைக்கூட்டினுள் பழைய பட்டுச் சேலையின் நூல்களைச் சுருட்டிப் போட்டு வைப்பேன். நூல் மையை உறிஞ்சி வைத்திருக்கும். எழுதுகோல் அளவாகவே மையெடுக்கும், முனையும் அடியில் மோதாது, கூடு கவிழ்ந்தாலும் பாய் முழுவதும் நனையாது. பிள்ளைகளுள்ள இடத்தில் இது பேருதவி.

இவற்றை எடுத்துக்கொண்டு அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்றேன். "நான் கடிந்து பேசியது தவறு. அல்லாஹ் உன்மீது கோபப்படவில்லை. வாப்பாவை நினைத்து நீ வரைந்ததை அவன் அறிவான்" என்றேன்.

அவள் கேட்டாள்: "அப்படியென்றால் என் அட்டை எங்கே, உஸ்தாபி?"

அதைப் பையில் கொண்டு போயிருந்தேன். முகத்தின் குறுக்கே என் மடிப்பு விழுந்திருந்தது. அவளிடமே கொடுத்தேன். அதை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு இருவரும் புதிய அட்டை செய்தோம். "வாப்பா" என்ற சொல்லை அரபுத்தமிழில் நாணலால் எழுதினோம். அரபியில் 'ப' ஒலி இல்லை. அரபுத்தமிழில் அதற்குத் தனி எழுத்து உண்டு. அந்த எழுத்தைத் திண்ணையிலிருந்த அவளுடைய உம்மம்மா தாம் பார்த்துத் திருத்தினார். சிறு வயதில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் வாசித்தவர் அவர். எழுத்தின் கீழே வாசற்படியும், அதில் வாப்பா விட்டுச்சென்ற செருப்பும், முற்றத்து முருங்கை மரமும். என்ன வரைவது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் அவளே தேர்ந்தெடுத்தவை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் அந்த அட்டை அவருக்குப் போய்ச் சேர்ந்தது. தமது கட்டிலுக்கு மேலே சுவரில் அதை ஒட்டி வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாராம். சிறுமி தம்பியிடமிருந்து பென்சில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், பாதிதான் கிடைத்தனவாம்.

மென்மை எதில் சேர்கிறதோ அதை அழகாக்கும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. அதைப் பலமுறை பிள்ளைகளுக்குப் பாடமாக ஒப்பிக்கச் செய்திருக்கிறேன். வீட்டிலும் மதரஸாவிலும், ஒன்றைக் கூடாது என்று சொல்லும்போது கூடியதையும் உடனே கையில் எடுத்துக் கொடுங்கள். அந்த டின் என் மேசையில் இருப்பது அதற்காகத்தான்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களில் தன்மீது அச்சத்தோடு அன்பையும் வல்ல அல்லாஹ் வளர்ப்பானாக. அவர்களிடம் நாம் காட்டிய கடுமையை மன்னிப்பானாக. ஆமீன்.