அப்பாவோடு 24-ஆம் நம்பர் ரோட்டில்

போன வாரம் புனேயில் மழை விடாமல் கொட்டியது. வெளியே போக வழியில்லாமல் அலமாரியை ஒழித்தபோது பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. 2010 ஜூன் மாதப் படங்கள். ஒரு படத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, ஒரு கல் தூணை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை. பெண் கேட்டாள், "தாத்தா எந்த ஊர்ல நிக்கிறார்?" சொல்ல ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

அப்போது கம்பெனி என்னைக் கான்சாஸ் சிட்டியில் போட்டிருந்தது. (அந்த ஊரின் பெரும்பகுதி மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது என்பதை மன்னார்குடியில் ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.) அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் வந்திருந்தார்கள். நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் எல்லாம் வழக்கப்படி ஆயிற்று. அதற்கப்புறம் அப்பார்ட்மெண்ட் ஜன்னலே கதி. ஒருநாள் அப்பா கேட்டார்: "தம்பி, இந்த நாட்டுல சோறு எங்கடா விளையுது? அதைக் காட்டவே இல்லையே?"

எனக்கும் வேறொரு கணக்கு இருந்தது. ஊரில் எங்களுக்கு ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவாக நிலம். நான் வெளியூர், தங்கை டெல்லி. விற்றுவிட்டால் தேவலை என்று நாங்கள் இருவரும் போனில் பேசி முடிவு செய்து வைத்திருந்தோம். அப்பாவிடம் எடுத்தால் "மேட்டூர் தொறக்கட்டும், பாப்போம்" என்று எழுந்து போய்விடுவார். மூன்று நாள் காரில் அடைத்து வைத்தால் எங்கே எழுந்து போவார்? அப்படித்தான் கிளம்பினோம். ஹைவேயை டொபீகாவோடு விட்டுவிட்டு, 24-ஆம் நம்பர் பழைய ரோட்டில் மேற்கே.

அம்மா புளியோதரை, தயிர்சாதம், மோர்மிளகாய் சகிதம் கூலரை நிரப்பியிருந்தார். மன்ஹாட்டன் என்று போர்டு வந்ததும், "திரும்ப நியூயார்க்கா?" என்றார். கான்சாஸிலும் ஒரு மன்ஹாட்டன் உண்டு. அதைத் தாண்டினால் ஊர்கள் சின்னதாகிக்கொண்டே போகும். கிளே சென்டர், பெலாய்ட், க்ளென் எல்டர். எல்லா ஊருக்கும் ஒரே அச்சு: ஒரு மெயின் ரோடு, பாதி மூடிய கடைகள், ஒரு தண்ணீர் டாங்க், ஒரு சர்ச், ரயில் பாதையோரம் வானம் முட்டும் கான்கிரீட் தானியக் கிடங்கு. அந்தக் கிடங்குதான் பத்து மைலுக்கு முன்னாலேயே தெரியும். இரண்டாவது ஊருக்குள் அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது. "கோபுரம் தெரியுது, ஊர் வருது" என்பார்.

எதிரே வரும் பிக்அப் வண்டிக்காரர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். அந்தப் பக்கத்து வணக்கம் அது. முதலில் அப்பா, "உனக்குத் தெரிஞ்சவனா?" என்று கேட்டார். பெலாய்ட் தாண்டுவதற்குள் அவரும் விரலைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

அறுவடை நேரம். ராட்சத கம்பைன்கள் நாலைந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் காரை நிறுத்தச் சொன்னார். ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி, ஊதி, மணியை வாயில் போட்டு மென்றார். அந்தப் பக்கம் குளிர்காலக் கோதுமை. செப்டம்பர், அக்டோபரில் விதைத்துப் பனியில் கிடந்து ஜூனில் அறுப்பது. 1874-ல் ரஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட் குடியேறிகள் கொண்டுவந்த டர்க்கி ரெட் விதைதான் கான்சாஸைக் கோதுமை நாடாக்கியது என்று படித்திருந்தேன். அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

"இதைத்தான்டா நாங்க 66-ல தின்னோம்" என்றார்.

அவர் அப்போது திருச்சியில் ஹாஸ்டல். அரிசித் தட்டுப்பாடு. ராத்திரியில் கோதுமைக் கஞ்சி, கோதுமை உப்புமா. தஞ்சாவூர் ஜில்லாப் பையன்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்களாம். அது பி.எல். 480 கோதுமை. 1954-ல் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஐசனோவர் இதே கான்சாஸில், அபிலீன் என்ற ஊரில் வளர்ந்தவர். 1966-ல் மட்டும் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. "நெல்லு போடுறவன் புள்ளை, எவனோ போட்ட கோதுமைக்கு வரிசையில நின்னேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன், படிச்சு முடிச்சாலும் வயலை விடுறதில்லைன்னு." நாற்பது வருஷத்தில் இதை எங்களிடம் அவர் சொன்னதேயில்லை. நிலத்தை விற்கும் பேச்சை எடுக்க நான் வாய் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

காக்கர் சிட்டியில் உலகத்திலேயே பெரிய கயிற்றுப் பந்து என்று ஒன்று ரோட்டோரக் கொட்டகையில் இருக்கிறது. ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி 1953-ல் களத்தில் கிடந்த துண்டுக் கயிறுகளைச் சுற்ற ஆரம்பித்தது. அவருக்குப் பின்னால் வருஷா வருஷம் ஆகஸ்டில் ஊரே கூடிச் சுற்றுகிறது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "உங்கப்பா மாதிரியே ஒருத்தர் இங்கயும் இருந்திருக்கார்" என்றார். உர மூட்டை பிரித்த நூலை ஒன்றுவிடாமல் உருண்டை பிடித்துப் பரணில் போடுவது அப்பாவின் வழக்கம். அப்பா பந்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "முடிச்சு சரியாத்தான் போட்டிருக்கான்" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

அந்தப் படத்தில் இருக்கும் கல் தூண் ஆஸ்பர்ன் அருகே. மரமே இல்லாத பூமியாதலால், குடியேறியவர்கள் தரைக்கு அடியிலிருந்த சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்து வேலிக் கால்களாக நட்டிருக்கிறார்கள். மைல் கணக்கில். நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. 1862-ஆம் வருஷத்து ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவருக்கு 160 ஏக்கர். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் சொந்தம். அப்பா மனக்கணக்குப் போட்டார். "இருபத்துநாலு வேலி! அதையும் விட்டுட்டா போயிருக்கானுங்க?" வழியில் ஓட்டை விழுந்த எத்தனையோ பண்ணை வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

மறுநாள் நிக்கோடிமஸ். எங்கள் பயணத்தில் நான் திட்டமிடாத ஊர் அதுதான். பழுப்பு போர்டைப் பார்த்துத் திரும்பினோம். அடிமைத்தனம் ஒழிந்தபின் கென்டக்கியிலிருந்து கறுப்பின மக்கள் 1877-ல் வந்து உண்டாக்கிய ஊர். இன்று ஐந்தாறு பழைய கட்டடங்கள், சில வீடுகள், காற்று. அவ்வளவுதான். 1888-ல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது; கடைகள் அதன் பின்னாலேயே போய்விட்டன. 1996-ல் இது தேசிய வரலாற்றுத் தலமானது. கல் கட்டிய டவுன்ஹாலுக்குள் ஒரு ரேஞ்சர் அம்மாள் எங்கள் மூன்று பேருக்காக மட்டும் நிதானமாகக் கதை சொன்னார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

1878-ல் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் கணவரோடு வண்டியில் வருகிறார். "அதோ நிக்கோடிமஸ்" என்று ஆண்கள் உற்சாகமாகக் கத்துகிறார்கள். எங்கே ஊர் என்று இவர் தேடுகிறார். ஒரு வீடுகூட இல்லை. தரையிலிருந்து புகை மட்டும் வருகிறது. மண்ணைத் தோண்டி, வளைக்குள் குடியிருக்கிறார்கள் சனங்கள். அதைப் பார்த்து அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

அம்மா மெல்லச் சொன்னார்: "நானும்தான் அழுதேன். கும்பகோணத்துலேருந்து மாட்டு வண்டியில கூட்டிட்டு வந்து, இதான் ஊருன்னு உங்கப்பா கையைக் காட்டினப்ப." அப்பா சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலைக் கடைசியில் வந்திருக்க வேண்டும் என்றார் ரேஞ்சர். வருஷா வருஷம் அப்போது வெளியூர்களில் இருக்கும் வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் வந்து கூடுவார்களாம். ஊர்வலம், விருந்து, பாட்டு. எனக்குப் பங்குனி உத்திரத்தில் நம் குலதெய்வக் கோயில் வாசலில் நிற்கும் டி.என். அல்லாத நம்பர் பிளேட்டுகள் ஞாபகம் வந்தன. அதைச் சொன்னேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று, "வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே போதும் பாருங்கப்பா, நிலம் இருந்துதான் ஆகணும்னு இல்ல" என்றும் சேர்த்துவிட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "மத்த நாள்ல இங்க யாராவது இருக்காங்களான்னு அந்த அம்மாவைக் கேளு."

கேட்டேன். சிலர் இருக்கிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள் என்றார்.

"எல்லாரும் வந்து எறங்குறதுக்கு யாராவது ஒருத்தன் கதவைத் தொறந்து வெக்கணும்ல. நம்ம ஊர்ல அது நானு. எனக்கப்புறம் யாருன்னு நீயும் தங்கச்சியும் பேசிக்கங்க. நான் இருக்கிறப்ப என்னைக் கேக்காதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. புளியோதரை இருக்கிறதா என்று கேட்கும் குரல்.

அதற்கப்புறம் ஹாக்ஸி வரை போனோம். அங்கே வயல்கள் வட்டம் வட்டமாக இருக்கும். நிலத்தடி நீரைக் குழாய் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சுவதால். பெட்ரோல் போட்ட இடத்தில் ஒரு பெரியவரிடம், தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அப்பா என் மூலம் கேட்டார். அவர் கட்டைவிரலைக் கீழே காட்டினார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். 2013-ல் அதே ஷெரிடன் கவுண்டியின் ஒரு பகுதியில் விவசாயிகளே கூடிப் பேசி, ஐந்து வருஷத்துக்கு இறைப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தபோது போனில் அப்பாவிடம் சொன்னேன். "அந்த ஆளும் சேந்திருப்பான்" என்றார்.

அப்பா 2019-ல் காலமானார். கடைசி சம்பா வரை அவர்தான் நின்று அறுத்தார். நிலம் இன்னும் இருக்கிறது. சித்தப்பா மகன் குத்தகைக்குப் பார்க்கிறான், பட்டா மாற்றவில்லை. அம்மா பாதி நாள் என்னோடு, பாதி நாள் ஊரில். பரணில் இருந்த நூல் உருண்டையைத் தங்கை டெல்லிக்கு எடுத்துப் போய்விட்டாள், நான் கேட்டும் தரவில்லை.

நேற்று போன் செய்தாள். இந்த வருஷம் உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய் வீட்டைத் திறந்து, பெருக்கி, மோட்டார் போட்டு வைக்க ஆள் வேண்டும், யார் போவது என்று. நான் லீவு கேட்டிருக்கிறேன்.