கண்ணாடி ஆறும்வரை

"விரலை இங்க வைங்க சார். அழுத்த வேணாம், தொட்டாப் போதும்."

மேசைமேல் இருந்தது ஆறு அங்குல வட்டக் கண்ணாடி. மேற்பரப்பு லேசாகக் குழிந்து, முலாம் ஏதும் பூசாமல் தெளிந்த நீர்போல இருந்தது. சொன்னபடி ஆள்காட்டி விரலைச் சில நொடிகள் வைத்து எடுத்தேன். பெரியவர் விளக்கை அணைத்துவிட்டு, தாங்கியில் பொருத்தியிருந்த ஒரு சவர பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். வட்டம் முழுக்கச் சாம்பல் நிறம். நான் தொட்ட இடத்தில் மட்டும் ஒரு குன்று எழுந்து நின்றது. ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். கைவைத்துத் தடவினால் தட்டுப்படும் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"அது உங்க விரல் சூடு. கண்ணாடி உப்பிடுச்சு. ஆறட்டும், தானா அடங்கிடும்" என்றார். அடங்கியது. ஆனால் நான் நினைத்ததைவிட வெகுநேரம் எடுத்துக்கொண்டு அடங்கியது.

பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ 1858-ல் கண்ட சோதனை இது. குழியாடியின் வளைவு மையத்தில் ஊசித்துளை அளவுக்கு ஒரு விளக்கு. ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி மறுபடியும் அங்கேயே ஒரு புள்ளியாகக் கூடும். அந்தப் புள்ளியைக் கத்தி முனையால் மெல்ல வெட்ட வேண்டும். பரப்பு சரியான கோள வடிவில் இருந்தால் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் இருளும். எங்காவது மேடோ பள்ளமோ இருந்தால் அந்த இடத்து ஒளி முன்பின்னாக வெட்டுப்பட்டு நிழலாகத் தெரியும். ஒரு விளக்கும் ஒரு பிளேடும் இருந்தால், ஒளியலையின் நீளத்தில் சிறு பின்னமே ஆன பிசகு மனிதக் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் பட்டறைகள் இதைக் கைவிடவில்லை.

நான் இருந்தது பெங்களூரில் ஓர் ஒளியியல் பட்டறையில். பெரியவர் ஓசூர்ப் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, கண்ணாடி தேய்க்க வந்து, அதிலேயே தலை நரைத்தவர். ஆராய்ச்சி என்றதும் நம் மனத்தில் வெள்ளை அங்கியும் கரும்பலகைச் சமன்பாடும்தான் தோன்றுகின்றன. அந்தச் சமன்பாட்டைச் சோதித்துப் பார்க்கும் கருவியை யார் செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அறியத்தான் போனேன். நுண்ணளவு வேலை என்பது நல்ல இயந்திரத்தை வாங்கி வைப்பது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. விரல் வைத்த அந்தக் கணத்தில் அது கலைந்தது.

இந்த நகரத்தில் இந்தக் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் முதன்மை ஆடி, பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் உருவானது. வானியலாளர் வேணு பாப்பு கண்ட கனவு அது. வெளிநாட்டில் முழுத் தொலைநோக்கியாக வாங்கிவிடாமல் இங்கேயே செய்தாக வேண்டும் என்று அவர் நின்றார். கண்ணாடிக் கட்டி மட்டும் மேற்கு ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்திலிருந்து வந்தது. ஸீரோடூர் என்ற வகை, மூன்று டன்னுக்கு மேல் எடை. சூடு ஏறினாலும் இறங்கினாலும் அது ஏறக்குறைய உப்புவதோ சுருங்குவதோ இல்லை. அதில் நான் விரல் வைத்திருந்தால் குன்று எழுந்திருக்காது. அதைத் தேய்த்து மெருகேற்றும் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஏ.பி. ஜெயராஜன். பாப்பு 1982-ல் காலமானார். தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டு அவர் பெயரைப் பெற்றது.

அந்த ஆடியின் நடுக்குழி சுமார் நாலரை சென்டிமீட்டர்தான். அந்தக் குழியின் வளைவில் எங்கும் ஒளியலை நீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் பிசகு இல்லாதிருப்பதுதான் இத்தொழிலில் நல்ல ஆடிக்கு இலக்கணம். அதாவது ஏறத்தாழ 30 நானோமீட்டர். ஆடியைச் சென்னையிலிருந்து மதுரை வரை விரித்துப் போட்டால், அத்தனை தூரத்திலும் அரை சென்டிமீட்டர் மேடுபள்ளம்தான் இருக்கலாம்.

எப்படி வருகிறது இந்த நுட்பம்? முதலில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு அரைப்பார்கள். பருமணலில் தொடங்கி, படிப்படியாகப் பொடிமணலுக்கு இறங்குவார்கள். ஒவ்வொரு மணலும் கண்ணாடியில் தன் அளவுக்குக் குழி பறித்துவிட்டுப் போகும். அடுத்த மணல் அந்தக் குழிகளின் அடி வரை அரைத்து எடுக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு பருமணல் துணுக்கு தங்கிவிட்டால் கீறல் விழும், பல வாரத்து உழைப்பு வீண். அதனால் மணல் மாறும்போதெல்லாம் கழுவுதல். மேசை, தரை, இயந்திரத்தின் இடுக்கு, நகக்கண், ஏப்ரன் எல்லாம். நான் போயிருந்த அன்று பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞர் காலையிலிருந்து கழுவிக்கொண்டே இருந்தார். இது வேலையாள் செய்யும் துப்புரவு இல்லையா என்று அவரிடம் கேட்டேன். "இல்ல சார், இதுதான் வேலையே. அரைக்கிறத மிஷின் பாத்துக்கும்" என்றார்.

அடுத்தது மெருகு. இங்கேதான் கீல் வருகிறது. பட்டறையில் பிட்ச் என்பார்கள். உருக்கி ஊற்றிச் சதுரம் சதுரமாக வெட்டிய கீல் தகட்டின்மேல் சீரியம் ஆக்சைடு குழம்பைப் பூசித் தேய்ப்பார்கள். கீல் விசித்திரமான பொருள். சுத்தியலால் அடித்தால் சில்லாக உடையும். பொறுமையாக அழுத்திக்கொண்டிருந்தால் வழிந்து கண்ணாடியின் உருவத்தை ஏற்கும். கடினமான பொருளாக மட்டும் இருந்தால் கீறிவிடும், மெத்தென்று மட்டும் இருந்தால் உருவம் நிற்காது. அந்த நடுநிலை அறையின் வெப்பத்தைப் பொறுத்தது. மார்ச்சில் சரியாக இருந்த கலவை மே மாதம் குழைந்துவிடும். பெரியவர் கட்டைவிரல் நகத்தைக் கீலில் அழுத்தி, பதிந்த தடத்தைப் பார்த்தே இன்னும் கொஞ்சம் பிசின் வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். கீலின் இளக்கத்தை அளக்கக் கருவி உண்டு, அந்தப் பட்டறையிலும் இருந்தது. அதன் அளவீடும் அவர் நகமும் ஒத்துப்போவதை அவரே எனக்குக் காட்டினார். நகத்தை மட்டும் நம்பச் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைப்பழக்கத்தைப் புகழ்ந்து எழுதும் நம்மில் பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறோம். கைக்குத் தெரிந்ததை அளவு ஒப்புக்கொண்டால்தான் அவருக்கு நிம்மதி.

மெருகு சில நிமிடம்தான் ஓடுகிறது. தேய்த்ததில் கண்ணாடி சூடாகியிருக்கும், அப்போது அளந்தால் பொய் சொல்லும். அதனால் மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரிய கண்ணாடி என்றால் மறுநாள்தான் சோதனை. சோதித்து, வரைந்து, எந்த வளையத்தில் எவ்வளவு உயரம் என்று நோட்டில் எழுதி, மறுபடி சில நிமிட மெருகு. எடுத்த கண்ணாடியை யாராலும் மறுபடி சேர்க்க முடியாது, எடுக்கத்தான் முடியும். கூடுதலாக எடுத்துவிட்டால் முழுப் பரப்பையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். எனவே கடைசிக் கட்டத்தில் தைரியம் வேண்டியிருப்பது தேய்க்க அல்ல, நிறுத்த.

இவ்வளவு கவனமாக வேலை செய்தும் தவறலாம் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி. 1990 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதன் 2.4 மீட்டர் ஆடி அதுவரை யாரும் செய்திராத அளவுக்கு வழவழப்பு. ஆனால் உருவம் தவறு. விளிம்பு சுமார் 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாகியிருந்தது. காரணம், ஆடியைச் சோதிக்கும் துணைக்கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டதுதான். அந்தக் கருவி சொன்னபடி மிக நுணுக்கமாக, மிகத் தவறாக மெருகேற்றினார்கள். வேறு எளிய சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டவே செய்தன. அவை நுணுக்கம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்தி வந்தார்கள். பெரியவர் இந்தக் கதையைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறார். "ரெண்டு கருவி ரெண்டு விதமா சொன்னா, புடிச்ச கருவிய நம்பக் கூடாது. ஏன் வேற வேற சொல்லுதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் கண்ணாடியத் தொடக் கூடாது."

பிறகு காவலூருக்குப் போனேன். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலை. 725 மீட்டர் உயரம், இரவில் நல்ல இருட்டு. அந்த வளாகத்தில் என்னைக் கட்டிப்போட்டது வான்காட்சியைவிட வெற்றிட அறைதான். தொலைநோக்கி ஆடியின் அலுமினியப் பூச்சு காலப்போக்கில் மங்கும். ஆடியை இறக்கி, பழைய பூச்சை ரசாயனத்தால் கரைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, துளி கறை இல்லாமல் உலர்த்தி, எஃகு அறைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சுவார்கள். டங்ஸ்டன் இழைகளில் மாட்டிய அலுமினியக் கம்பித் துண்டுகள் மின்சாரத்தால் ஆவியாகி ஆடியில் படியும். படிவின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 2.34 மீட்டர் வட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கிராமுக்குச் சற்று மேல் அலுமினியம் படிந்தால் போதும். அந்த ஒரு கிராம்தான் விண்மீன் ஒளியைத் திருப்புகிறது. மற்ற மூன்று டன் கண்ணாடியும் அதை உருக்குலையாமல் ஏந்தி நிற்கத்தான்.

அந்த வளாகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி 1972-ல் வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒளிமானியைப் பூட்டிக் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே விண்மீன் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டதைக் கருவி பதிந்தது. முதலில் அதை ஒரு புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். பிற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. வானியல் நூல்கள் இந்த நிகழ்ச்சியைச் சொல்கின்றன. அன்றிரவு மின்வழங்கல் அலைபாயாமல், கடிகாரம் பிசகாமல், தொலைநோக்கி விண்மீனை விட்டு நழுவாமல் பார்த்துக்கொண்டவர்களை அவை சொல்வதில்லை. அந்தச் சில நொடிச் சரிவைக் கருவிக் கோளாறு என்று தள்ளிவிடாமல் நம்ப முடிந்தது, கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்கள் அறிந்திருந்ததால்தான் என்பது என் எண்ணம்.

இந்த வேலைகள் குறைந்துவருகின்றன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெங்களூருக்கு அருகில் ஹொசகோட்டேயில், முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கான ஆடித் துண்டுகளை மெருகேற்றும் கூடம் இருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்கு 492 அறுகோணத் துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் விளிம்பில் விசைகொடுத்து வளைத்து, வளைந்த நிலையில் கோளமாக மெருகேற்றி, விசையை விடுவித்தால் அது நிமிர்ந்து தனக்குரிய சிக்கலான வடிவத்தை அடையும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2023-ல் ஒன்றிய அரசு சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தலா 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு வெற்றிடக் குழாய்கள். அவற்றின் பற்றவைப்பில் ஊசிமுனைக் கசிவும் இருக்கக் கூடாது. புரோட்டான் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீளமாற்றத்தைப் பிடிக்கும் கருவிக்கு நல்ல வெல்டர் வேண்டும் என்பதை எந்த வேலைவாய்ப்புக் கையேடு நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறது?

வழிகள் பல இருக்கின்றன. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், இயற்பியல் பட்டதாரிகள் என எல்லோரையும் இந்தக் கூடங்களில் பார்க்கலாம். மேலே படிக்க விரும்புவோருக்காக, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வானியல் கருவியியலில் எம்.டெக்., பிஎச்.டி. ஒருங்கிணைந்த படிப்பை நடத்திவந்திருக்கிறது. வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும். பின்னமும் முக்கோணவியலும் கையோடு வர வேண்டும். கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் ஓட்டத் தெரிந்தால் நல்லது. இவற்றைக் கற்றுக்கொடுக்க இடங்கள் உண்டு. கற்றுக்கொடுக்கக் கடினமானது எது என்று பெரியவரிடம் கேட்டிருந்தேன்.

பதிலாக, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று சொன்னார். பிளஸ் ஒன் செய்முறை வகுப்பில் நாம் எல்லோரும் தொட்ட கோளமானிதான். அதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு சாதாரணக் கண்ணாடியின் குழியைக் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் அளந்து எழுதச் சொல்வார். பெரும்பாலோர் மூன்று வேளைக்கும் ஒரே எண்ணை எழுதித் தருவார்கள். காலையில் வந்ததுதான் சரி என்று நினைத்து, மதியம் வந்த எண்ணை அதற்கு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்வார்கள்.

"இந்தப் பையன் மூணு நம்பர் எழுதுனான்" என்று, கழுவிக்கொண்டிருந்த இளைஞரைக் காட்டினார். "பக்கத்துலயே அறையோட சூடு எவ்வளவுன்னும் எழுதியிருந்தான். நான் எழுதச் சொல்லல."