போஸ்ட்டாக் கடிதத்தின் இரண்டாம் பத்தி

போஸ்ட்டாக் இடம் கேட்டு வரும் கடிதங்களை நான் இரண்டாம் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். முதல் பத்தியில் எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள்: முனைவர் பட்டம், நெறியாளர் பெயர், எங்கள் ஆய்வில் தங்களுக்குள்ள ஆர்வம். எழுதியவர் எங்கள் பேப்பர்களில் எதை, எவ்வளவு ஆழமாகப் படித்தார் என்பதை இரண்டாம் பத்தி காட்டிக்கொடுத்துவிடும்.

செல் உயிரியலும் உயிர்தகவலியலும் சேரும் துறையில் இப்படிப் படிக்க ஒரு பெரிய வசதி உண்டு. மூலத் தரவு பெரும்பாலும் பொதுவிலேயே கிடைக்கிறது: பயோஇமேஜ் ஆர்க்கைவில் நுண்ணோக்கிப் படங்கள், கிட்ஹப்பில் நிரல். சேர விரும்பும் ஆய்வகத்தின் சமீபத்திய பேப்பரை எடுத்து, அதன் தரவை இறக்கி, நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நான் இடம் தேடியபோது அதைத்தான் செய்தேன். செல்கள் நெருக்கமாக வளர்ந்திருந்த படங்களில், ஒட்டிக்கொண்ட இரண்டு உட்கருக்களை நிரல் ஒன்றாக எண்ணியிருந்தது. அப்படி எண்ணினால் டி.என்.ஏ. அளவு இரு மடங்காகத் தெரியும்; பிரியத் தயாராக இருக்கும் செல் என்று அது தவறான கணக்கில் சேரும். செல்போஸ் மென்பொருளால் உட்கருக்களைப் பிரித்ததும் பிரியத் தயாரான செல்களின் எண்ணிக்கை இறங்கியது. இதைச் சில வரிகளில் எழுதி, செல்களின் நெருக்கம் செல் சுழற்சியை உண்மையிலேயே மாற்றுகிறதா என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்பினேன். நேர்காணல் முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியே பேசினோம்.

அடுத்தது நிதி. இடம் உண்டு என்று சொல்லும் ஆய்வகத்திலும் சம்பளத்துக்குப் பணம் இருக்கும் என்பதில்லை. ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று. எம்போ உதவித்தொகை இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும்; ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். மேரி கியூரி உதவித்தொகைக்குச் செப்டம்பரில் கெடு முடியும். அதற்கு, போகப்போகும் நாட்டில் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவில் பட்டம் முடித்து நேரே போகிறவருக்கு அது தடையல்ல. இயற்பியல், கணிதம், கணினி படித்துவிட்டு உயிரியலுக்கு வருகிறவர்களுக்கு எச்.எஃப்.எஸ்.பி. அமைப்பில் தனிப் பிரிவே உண்டு. அது மூன்று ஆண்டு. மூன்றுக்குமே ஏற்கும் ஆய்வகம் முதலில் வேண்டும். அதனால் ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே கடிதம் போக வேண்டும்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். ஆய்வகத்தில் வேறு யார் நிரல் எழுதுகிறார்கள்? ஒருவருமில்லை என்றால், உங்கள் நிரலைச் சரிபார்க்க ஆளிருக்காது. மற்றவர்களின் தரவை அலசிக் கொடுப்பதிலேயே உங்கள் நாள் போய்விடக்கூடும். முதல் ஆசிரியர் யார் என்பது எப்போது முடிவாகும்? ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும்போது எந்த ஆய்வுக் கேள்வியை எடுத்துச் செல்லலாம்? ஹைடல்பெர்க்கின் எம்பிள் ஆய்வு நிறுவனம் போன்ற இடமென்றால், குழுத் தலைவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்றும் கேளுங்கள். அங்கே குழுத் தலைவர்களின் பதவிக்காலத்துக்கு ஒன்பது ஆண்டு உச்சவரம்பு உண்டு. அந்தக் காலம் முடியும் நேரத்தில் சேர்ந்தால், உங்கள் ஆய்வின் நடுவில் ஆய்வகமே இடம் மாறக்கூடும்.

நாளை சொந்த ஆய்வகம் தொடங்கினால் எதை ஆராய்வீர்கள் என்பது பெரும்பாலும் போஸ்ட்டாக் ஆண்டுகளில்தான் முடிவாகிறது. அதனால் விளம்பரப் பட்டியலை வைத்து நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். ஐந்தே ஆய்வகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தின் தரவையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.