நலத்துக்கும் ஒரு ஃபைல்

ஒரு கல்லூரியில் மன அழுத்தம் குறைப்பதற்கான பயிலரங்கு. வராதவர்களிடம் விளக்கம் கேட்பார்கள் என்பதால் அரங்கு நிறைந்திருந்தது. மூச்சுப் பயிற்சியின் நடுவே படம் எடுத்தார்கள். இடமும் நேரமும் பதிவாகிற படமாக இருக்க வேண்டுமாம். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டின் ஆறாவது கிரைட்டீரியனில் பணியாளர் நலத்திட்டங்களுக்கும் ஓரிடம் உண்டே! கண்ணை மூடி மூச்சிழுத்தவர்களில் ஒருவர்தான் அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பயிலரங்கின் அறிக்கையைத் தட்டச்சு செய்தார்.

*

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி முழுநேர ஆசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை. அதில் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு. தாளில் நியாயமான கணக்குதான். ஆனால் ஓய்வு பெற்றவரின் நாற்காலி காலியாகவே கிடக்க, அவருடைய வகுப்புகளும் விடைத்தாள்களும் மட்டும் பக்கத்து மேசைக்கு வந்துவிடுகின்றன. இதோடு சேர்க்கைப் பணி, தேர்வுப் பணி, என்எஸ்எஸ், தேர்தல் பணி.

*

கௌரவ விரிவுரையாளர்கள். இந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-இலேயே சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியம் உயர்ந்து உயர்ந்து 25,000-த்தைத் தொட்டபோதும் யுஜிசி சொன்னதில் அது பாதிதான். அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். மே மாதம் கிடையாது. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மே மாதத்தில் விடுப்பு எடுப்பதில்லை. இவர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு ஏப்ரலும் முடிகிறது.

*

பிப்ரவரி 2024. வரி பாக்கிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. 1857-இல் தொடங்கிய நிறுவனம்; அதன் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் இம்மாதப் பணம் வருமா என்று காத்திருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சம்பளம் கேட்டுப் போராட்டம் நடந்தது. சம்பளம் எப்போது வரும் என்று தெரியாதவரிடம் போய் 'நேர்மறையாக யோசியுங்கள்' என்று எந்த வாயால் சொல்வது?

*

அழுத்தம் பற்றிப் பேசினால் எல்லோரும் பேராசிரியர்களைத்தான் பேசுகிறார்கள். தேர்வுப் பிரிவு கவுன்ட்டரில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. மதிப்பெண் பட்டியல் தாமதமானதற்கு அவர் காரணமில்லை. ஆனால் வேலைக்கான நேர்முகத்துக்கு நாளைக்கே போக வேண்டிய பையன் கத்துவது அவரிடம்தான். "மேலே கேளுங்க தம்பி" என்பதைத் தவிர அவரால் என்ன சொல்ல முடியும்? அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது.

*

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்கு விளக்கம் தந்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடம் சார்ந்த நிலை என்றது. சக்தி வற்றிப்போவது, வேலையில் ஒட்டாமல் போவது, திறன் குறைவது ஆகியவை அதன் மூன்று அடையாளங்கள். இரண்டாவதை நம் துறைக் கூட்டங்களில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். "நீங்க என்ன சொல்றீங்களோ அதையே பண்ணிடலாம் சார்" என்பார் ஒருவர். ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டவராக இருப்பார்.

தூக்கம் கெட்டு, உயிர் வெறுத்துப்போகும் அளவுக்கு வந்தவர்களுக்கு ஆலோசனை கட்டாயம் வேண்டும். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416, கட்டணமில்லை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. காலிப் பணியிடத்துக்கு ஆலோசகரை அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

*

முதல்வர்களுக்கும் பதிவாளர்களுக்கும்: பணியிடம் நிரப்புவது உங்கள் கையில் இல்லை, தெரியும். சம்பளமும் பல நேரம் இல்லை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு வாட்ஸப் குழுவில் 'நாளை காலை 10 மணிக்குள் விவரம் தரவும்' என்று போடாமலிருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதையாவது இந்த வாரமே நிறுத்துங்கள்.