எல்லாருமே மஜ்லிஸ்காரங்கதான்

மலாக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் யார் சோதனைக்கு வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "மஜ்லிஸ்காரங்க வந்தாங்க" என்பார்கள். வந்தவர் சுகாதார அமைச்சைச் சேர்ந்தவராக இருக்கலாம், விலைப்பட்டியலைப் பார்க்க வந்த உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரியாகவும் இருக்கலாம். சீருடை போட்டு, கையில் கோப்போடு வந்தால் நமக்கு எல்லாரும் மஜ்லிஸ்தான்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வியாபாரப் பதிவுக்கு எஸ்.எஸ்.எம். கடைக்கும் பெயர்ப்பலகைக்கும் லைசென்ஸ் தருவது ஊராட்சி மன்றம். பலகையிலுள்ள மலாய் சரியா என்று பார்ப்பது டேவான் பஹாசா. டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி கேட்கப்படுபவை. அது சுகாதார அமைச்சின் பொறுப்பு. தராசு, விலைப்பட்டியல் எல்லாம் வாணிப அமைச்சுக்கு. அடுப்பும் கேஸ் தோம்பும் இருந்தால் தீயணைப்புத் துறையும் எட்டிப் பார்க்கும். ஒவ்வொருவருக்கும் தனிச் சட்டம், தனிப் பாரம், தனிக் காலக்கெடு.

என் அண்ணி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா லயத்து வாசலில் தோசை சுட்டு விற்றபோது, மானேஜர் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும், அதுதான் லைசென்ஸ். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து, கீழ்வரிசைக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து அப்பமும் நாசி லெமாக்கும் விற்கத் தொடங்கிய பிறகுதான் அண்ணிக்கு அரசாங்கத்தின் இத்தனை முகங்களும் தெரிந்தன. ஆன்லைன் விண்ணப்பங்கள் என் தலையில் விழுந்தன. படித்த பிள்ளை உள்ள வீடுகளில் இது வழக்கம்தானே!

பெரிய தொல்லை பின்கட்டுச் சமையலறையில் வந்தது. ஒருவர் வந்து, பாத்திரம் கழுவும் தொட்டி வேறு, கை கழுவும் தொட்டி வேறாக இருக்க வேண்டும் என்றார். அது நியாயம். அடுத்த வாரம் வேறொரு துறையிலிருந்து வந்தவர், சாக்கடைக்குள் எண்ணெய் போகாமல் தடுக்கும் தொட்டியை வைக்கச் சொல்லி, கை கழுவும் தொட்டிக்காக ஒதுக்கியிருந்த அதே மூலையைக் காட்டினார். அதுவும் நியாயம். ஆனால் மூலை ஒன்றுதானே இருக்கிறது? இரண்டு பேரிடமும் எழுத்தில் கேட்டோம். "எங்கள் விதி இதுதான்" என்று இரண்டு பதில் வந்தது. ஆறு வாரம் கடை திறக்கவில்லை. வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. சீட்டுக் காசில் போட்ட முதல் அது.

கடைசியில் அண்ணியே ஒருவருக்குப் போன் செய்தார். "தொவான், அவங்க வியாழக்கிழமை வர்றாங்களாம். நீங்களும் அன்னைக்கே வர முடியுமா?" என்று மலாயில் பணிவாகக் கேட்டார். இருவரும் வந்தார்கள். பத்து நிமிடத்தில் எண்ணெய்த் தொட்டி பின்வாசலுக்கு வெளியே போனது. அந்தப் பத்து நிமிடத்தை ஏற்பாடு செய்வதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் எந்த அலுவலகத்திலும் இல்லை.

ஒன்றாக வர அவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 'ஒப்பராசி பெர்செபாடு' என்ற கூட்டுச் சோதனை நடக்கும் இரவில் மன்றம், சுகாதாரம், வாணிபம், குடிநுழைவு எல்லாரும் சேர்ந்தே இறங்குகிறார்கள். கம்பவுண்ட் எழுத ஒன்றுசேர முடிகிறது, கடை திறக்க உதவும்போது ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. சிங்கப்பூரில் 2019 ஏப்ரலில் உணவு தொடர்பான வேலைகளைப் பல அமைப்புகளிலிருந்து எடுத்து ஒரே உணவு முகவையிடம் கொடுத்தார்கள். சின்ன நாடு, அவர்களுக்குச் சுலபம் என்பீர்கள். மலாக்காவும் பெரிய மாநிலம் இல்லை. மொத்தமே நான்கு ஊராட்சி மன்றங்கள்தான். நான்காவதான ஹங் துவா ஜெயா 2010-இல் மற்ற மூன்றின் பகுதிகளையும் எடுத்து உருவானது. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மன்றம் மாறிய கடைகள் உண்டு.

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எலி ஓடும் சமையலறையை உணவுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி 14 நாள் வரை மூடுகிறார்கள், மூடட்டும். ஆனால் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்லாமலே மன்றம் எப்போது வேண்டுமானாலும் லைசென்ஸை ரத்து செய்யலாம். நஷ்ட ஈடு கிடையாது. மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க நமக்கு ஓட்டும் இல்லை. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்பவே இல்லை.

அண்ணி ரத்து பற்றியெல்லாம் யோசிப்பதில்லை. லைசென்ஸைக் கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். ஊசி அட்டை, பயிற்சிச் சான்றிதழ், எஸ்.எஸ்.எம். எல்லாம் ஒரு நீலக் கோப்பில், முடியும் தேதி வாரியாக இருக்கின்றன. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் பக்கத்துத் தாமான் அக்கா, அடுத்த வருடம் கடை எடுக்கலாமா என்று போன வாரம் கேட்டு வந்தார். அண்ணி அவரிடம் முதலில் கேட்டது: "பின்கட்டில் எத்தனை மூலை இருக்கு?"